மாதம் முடிந்தால் மாத்திரையும் முடியும்

 

காய்ச்சல் ஒரு விருந்தாளி. வரும், நான்கு நாள் தங்கும், போய்விடும். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் அப்படியல்ல. அவை ஒரு வீட்டில் குடியேறிவிட்டால், குடும்பத்தாரில் ஒருவரைப் போல மாதந்தோறும் தமக்குரிய பங்கைக் கேட்கின்றன. வீட்டு வாடகை, மின் கட்டணம், பள்ளிச் செலவு, மளிகைக் கடைப் பாக்கி ஆகியவற்றின் வரிசையில் மருந்துச் சீட்டும் வந்து நிற்கிறது. கையில் காசு குறையும் மாதத்தில் இவற்றுள் எது முதலில் நிறுத்தப்படும்? வாடகையை நிறுத்தினால் வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார். அரிசியை நிறுத்தினால் பிள்ளைகள் அழுவார்கள். மாத்திரையை நிறுத்தினால் கேட்க யாரும் வருவதில்லை. அன்றைக்கே உடம்பு வலிப்பதும் இல்லை. ஆகவே மாத்திரைதான் முதலில் நிற்கிறது.

எங்கள் கெடார்ப் பகுதியைப் போல, கரும்பையும் நெல்லையும் மணிலாவையும் நம்பிக் கூலிக்குச் செல்வோரும் சிறுகடை வைத்திருப்போரும் வாழும் ஊர்களில் இது கண்கூடு. ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்துப் பதினைந்து நாள் மருந்தை முப்பது நாளைக்கு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். காலை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு இரவு மாத்திரையை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். மருந்து தீர்ந்ததை மகனிடம் சொல்லக் கூசி, “இப்போது உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது” என்று சமாளிக்கும் தாய்மார்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் வயது வந்தோருள் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோயும், 35.5 சதவீதத்தினருக்கு இரத்தக் கொதிப்பும் இருப்பதாகக் கணக்கிட்டது. சர்க்கரை நோயாளிகள் மட்டும் ஏறத்தாழ 10 கோடிப் பேர். அதாவது, ஜும்ஆத் தொழுகையில் நம்மோடு தோளொட்டி நிற்பவர்களில் மூவரில் ஒருவருக்கேனும் நாள்தோறும் மருந்து தேவைப்படக்கூடும்.

இந்நோய்களின் பொல்லாத தன்மை அவற்றின் மௌனம்தான். கொதிப்பு மாத்திரையை விட்டவருக்கு மறுநாள் ஒன்றும் தெரியாது. தெரியவரும் நாளில் ஒருவேளை கையும் காலும் விளங்காமல் போயிருக்கும். சர்க்கரைக்கு மருந்தை விட்டவரின் கண்ணும் சிறுநீரகமும் சத்தமின்றிப் பழுதாகின்றன. வலிப்பு நோய்க்குரிய மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அடங்கியிருந்த வலிப்பு திரும்பிவிடும். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை இடையில் விட்டால், குழாய் மீண்டும் அடைபட்டு உயிருக்கே ஆபத்தாகிவிடலாம்.

நம் தருமம் எங்கே நிற்கிறது?

நம் சமுதாயத்தில் ஈகைக்குக் குறைவில்லை. ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் துண்டை விரித்து, “இன்ன சகோதரருக்கு இதய அறுவை சிகிச்சை, உதவுங்கள்” என்று அறிவித்தால், சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அல்ஹம்துலில்லாஹ், இது நல்ல குணம். ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இன்று அறுவை சிகிச்சைக்கு நாம் அள்ளிக் கொடுக்கும் நோயாளிகளுள் சிலர், பல ஆண்டுகளுக்கு முன் மாதம் சில நூறு ரூபாய் மருந்துக்கு வழியில்லாமல் நின்றவர்கள். அன்று அவர்களுக்காக யாரும் துண்டு விரிக்கவில்லை. மாத்திரைக்குக் காசில்லை என்பது அறிவிக்கத்தக்க செய்தியாக நமக்குத் தோன்றுவதில்லை.

பெரிய துன்பத்தைக் கண்டு கண் கலங்கிக் கொடுப்பது எளிது. கண்ணுக்குத் தெரியாத சிறிய துன்பத்துக்கு மாதம் தவறாமல் கொடுப்பது கடினம். அதில் கொடுப்பவருக்கு நன்றி கேட்கும் வாய்ப்புமில்லை. பலனைக் கண்ணால் காணும் வாய்ப்புமில்லை. வராமல் போன பக்கவாதத்தை யார் பார்க்க முடியும்? ஆயினும், சிறிதாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த பாடம். அந்தப் பாடத்துக்கு மருந்து உதவியைப் போலப் பொருத்தமான இடம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

கிணற்றையே வாங்கியவர்

மதீனா நகரில் ரூமா என்றொரு கிணறு இருந்தது. அதன் நீர் விலைக்கு விற்கப்பட்டது. ஏழை முஹாஜிர்கள் துன்புற்றனர். ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குடம் தண்ணீருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. அந்தக் கிணற்றையே விலைக்கு வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை நாயகம் (ஸல்) அவர்களின் ஆலோசனைப்படி விற்கவும் வாரிசுரிமையாகப் பெறவும் இயலாத வக்ஃபாக்கி, அதன் விளைச்சலைத் தருமத்துக்கு விட்டார்கள். மூலம் நிலைத்திருக்க வேண்டும். பயன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

பின்வந்த முஸ்லிம் ஆட்சியாளர்கள் இந்த வழியில் மருத்துவமனைகளை நிறுவினர். எகிப்தின் சுல்தான் கலாவூன் 1284-ஆம் ஆண்டு கெய்ரோவில் தொடங்கிய மருத்துவமனை வக்ஃபுச் சொத்துகளின் வருவாயில் நூற்றாண்டுகள் நடந்தது. சமீப காலத்தில் நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1906-இல் டில்லியில் ஹகீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் சாஹிப் சிறிய யூனானி மருந்தகமாகத் தொடங்கிய ஹம்தர்த் நிறுவனத்தை, அவர்தம் புதல்வர் ஹகீம் அப்துல் ஹமீது சாஹிப் 1948-இல் வக்ஃபாக மாற்றினார். மருந்து விற்று வந்த இலாபம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் திரும்பியது. இன்று டில்லியில் விளங்கும் ஜாமிஆ ஹம்தர்த் பல்கலைக்கழகம் அதன் கனிகளுள் ஒன்று.

பிற சமயத்தாரிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம். குஜராத் மாநிலம் வடோதராவில் 1983-இல் லோகோஸ்ட் என்னும் அறக்கட்டளை தோன்றியது. கிராமங்களில் தொண்டு செய்யும் மருத்துவமனைகளுக்குத் தரமான மருந்து நியாயமான விலையில் கிடைக்கவில்லை என்ற குறையே அதற்குக் காரணம். பகட்டான பெயரும் விளம்பரமும் இல்லாமல், இன்றியமையாத மருந்துகளைத் தாமே செய்து தொண்டு நிறுவனங்களுக்கு அவர்கள் வழங்கலாயினர். மருந்தின் விலையில் விளம்பரத்துக்கும் வணிகப் பெயருக்கும் போகும் பங்கு எவ்வளவு என்பதை அவர்களின் விலைப்பட்டியலே நாட்டுக்கு உணர்த்தியது.

நாம் ஒரு கலாவூனோ ஹம்தர்த்தோ ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு சிற்றூரின் ஜமாஅத் தன் சக்திக்கேற்ப ஒரு சிறு கிணற்றை வாங்கினால் போதும்.

முதலில் இலவசம் எங்கே என்று காட்டுங்கள்

மருந்து உதவி என்றவுடன் பணம் திரட்டுவதில் இறங்கிவிடக் கூடாது. அரசு ஏற்கெனவே தரும் மருந்துக்கு நாம் காசு கொடுத்தால் அது வீண்.

தமிழகத்தில் 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. அது மருந்துகளை அவற்றின் மூலப் பெயரிலேயே மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி, மாவட்டக் கிடங்குகளின் வழியே அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அனுப்புகிறது. பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. அங்கெல்லாம் நோயாளிக்கு மருந்து இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடியே வருகின்றன. விலைக்கு வாங்க வேண்டியவர்களுக்கு 2008-இல் மத்திய அரசு தொடங்கிய மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரி 24 அன்று மாநில அரசு ஆயிரம் இடங்களில் திறந்துவைத்த முதல்வர் மருந்தகங்களும் உள்ளன.

இவ்வளவு இருந்தும் மக்கள் ஏன் மாத்திரையை உடைக்கிறார்கள்? காரணங்கள் பல. எழுதப்பட்ட மருந்து அன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பதில்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுவை ஜிப்மருக்கோ போய்வர ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகின்றன. நடக்க இயலாத முதியவரை அழைத்துச் செல்ல ஆளில்லை. தனியார் மருத்துவர் வணிகப் பெயரில் எழுதிக் கொடுத்ததற்குப் பதிலாக வேறொன்றைச் சாப்பிடலாமா என்று அச்சம். அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவும், மாதாந்திர மாத்திரைக்கு உதவாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று பொறுமையாகச் சொல்ல ஆளில்லை.

ஆகவே நம் மருந்து உதவிச் சங்கத்தின் முதல் ஊழியர் பணம் வசூலிப்பவர் அல்லர். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர். இப்போது நம் பிள்ளைகளில், குறிப்பாகப் பெண்மக்களில், மருந்தாளுநர் படிப்பும் செவிலியர் படிப்பும் முடித்தவர்கள் ஊருக்கு ஒருவரேனும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், மதரஸாத் திண்ணையில் அவர்கள் அமர்ந்து சீட்டுகளைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். “இது அரசு மருத்துவமனையில் இலவசம், இது மக்கள் மருந்தகத்தில் விலை குறைவு, இதற்கு மட்டும் உதவி தேவை” என்று பிரித்துக் காட்டினால், கடைசியாக எஞ்சுவதே நம் பொறுப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. மெட்ஃபார்மின் என்பது மருந்தின் பெயர்; அதன்மேல் ஒவ்வொரு நிறுவனமும் சூட்டுவது வணிகப் பெயர். பெயர் மாறினால் விலையும் மாறும். ஆனால் சீட்டில் எழுதியதை மாற்றிக் கொடுக்கும் உரிமை கடைக்காரருக்கும் இல்லை, நமக்கும் இல்லை. எனவே சீட்டை எழுதிய மருத்துவரிடமே சென்று, மூலப் பெயரில் எழுதித் தருமாறு மரியாதையுடன் கேட்க வேண்டும். மருத்துவர்களுக்கான நெறிமுறைகளில் 2016-இல் செய்யப்பட்ட திருத்தமும் மருந்துகளை மூலப் பெயரில் தெளிவாக எழுதுமாறே கூறுகிறது. நாம் கேட்பது சலுகையன்று.

மற்றோர் எச்சரிக்கை. வீடுகளில் மிஞ்சிய மாத்திரைகளைத் திரட்டி ஏழைகளுக்கு வழங்கலாமே என்று சிலர் நல்லெண்ணத்துடன் கூறுவதுண்டு. வேண்டாம். அது எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்பதை யாரும் அறியார். இன்சுலினைத் திறக்கும்வரை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கிடந்ததை உள்ளே செலுத்தினால் பலனிராது. மேலும் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டப்படி உரிமமின்றி மருந்தை இருப்பு வைத்து வழங்குவது குற்றமாகிவிடலாம். நமக்கு மருந்துக் கடை தேவையில்லை. உரிமம் பெற்ற ஒரு மருந்துக் கடையுடன் பேசிக்கொள்வோம். நோயாளி சீட்டைக் காட்டி மருந்து பெறட்டும். மாத முடிவில் கணக்கைப் பார்த்துச் சங்கம் பணம் கட்டட்டும். காசு கைமாறாததால் ஐயத்துக்கும் இடமில்லை.

தொடங்குமுன் மூன்று மாதம்

கணக்கை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். இருபது நோயாளிகள், சராசரியாக ஒருவருக்கு மாதம் 400 ரூபாய் என்று கொள்வோம். மொத்தம் 8,000 ரூபாய். எண்பது வீடுகள் மாதம் நூறு ரூபாய் கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் இந்த 8,000 கைக்கு வந்தவுடன் தொடங்கிவிடலாகாது. மூன்று மாதத்துக்குரிய 24,000 ரூபாய் முன்கூட்டியே இருப்பில் இருந்தால்தான் முதல் சீட்டை ஏற்க வேண்டும். ஏனெனில் ரமளானில் பொங்கி வரும் தருமம் ஷவ்வால் பிறந்ததும் வற்றிவிடும் என்பது நாம் அறிந்ததே. நோயோ பிறை பார்த்து நிற்பதில்லை. நம்மை நம்பி வேறு வழி தேடாமல் இருந்துவிட்ட ஒருவருக்கு நான்காம் மாதம் கையை விரிப்பது, தொடங்காமலே இருந்ததைவிடப் பெருங்கேடு.

அதனால் இருபத்தோராவது ஆள் வரும்போது பொறுப்பாளர் மனம் கல்லாக வேண்டியிருக்கும். இருபது பேருக்குரியதை நாற்பது பேருக்குப் பிரித்தால், மாத்திரையை உடைக்கும் வேலையை நாமே செய்தவர்களாவோம். அவருக்கு இலவசம் கிடைக்கும் இடத்தைக் காட்டுங்கள். துணைக்கு ஆள் அனுப்பி, பேருந்துக் கட்டணம் கொடுங்கள். பெயரைக் குறித்துவைத்து, மேலும் நான்கு வீடுகளைச் சந்தா கட்டச் சொல்லுங்கள்.

ஜகாத் நிதியை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். திருக்குர்ஆன் ஜகாத்துக்கு எட்டு வகையினரை வரையறுத்துள்ளது. ஏழைகளும் வறியவர்களும் அவர்களில் முதல்வர்கள். தகுதியுள்ள ஏழைக்கு ஜகாத் பணத்தில் மருந்து வாங்கி, அவருக்கே உடைமையாக்கிக் கொடுப்பது ஹனஃபி மத்ஹபில் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் பணத்துக்குரிய ஜகாத்தைப் பொருளாக மாற்றிக் கொடுப்பதற்கு இடமில்லையாதலால், நோயாளியிடம் ஒப்புதல் பெற்று, அவருடைய வகீலாக நின்று அவர் சார்பில் பணத்தைப் பெற்று மருந்து வாங்குவது பேணுதலான முறை. எழுதுபொருள், போக்குவரத்து, ஊழியர் ஊதியம் போன்ற செலவுகளை ஜகாத்தில் எழுதக் கூடாது. இவற்றை உங்கள் ஊர் ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

எனவே இரண்டு கணக்குப் புத்தகங்கள் வேண்டும். ஒன்று ஜகாத், மற்றொன்று பொதுவான ஸதகா. இரண்டாவது புத்தகம் எல்லாருக்கும் உரியது. கெடார் போன்ற ஊர்களில் நம் வீட்டுச் சுவரை ஒட்டி வாழ்பவர்கள் மாற்றுச் சமயத்தார். அவர்கள் வயலில் நாம் வேலை செய்கிறோம். நம் கடையில் அவர்கள் பொருள் வாங்குகிறார்கள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேசும்போது நம் மார்க்கம் அவருடைய சமயத்தைக் கேட்டதில்லை. மருந்துச் சீட்டோடு வாசலில் நிற்பவரை எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்பது நம் கவலை. அதை அவர் அறியவும் வேண்டியதில்லை.

வாங்குபவர் மானம் காக்கப்பட வேண்டும். வழங்கும் விழா வேண்டாம், மேடை வேண்டாம், புகைப்படம் வேண்டாம். நோட்டீஸ் பலகையில் வரவும் செலவும் இருக்கட்டும். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். ஒருவருடைய நோய் அவரிடமுள்ள அமானிதம். குறிப்பாக மனநோய்க்கும் வலிப்புக்கும் மருந்து வாங்கும் வீடுகளில் திருமணத்துக்குரிய பெண்மக்கள் இருப்பார்கள் என்பதைப் பொறுப்பாளர்கள் ஒருகணமும் மறக்கலாகாது.

காரியம் நிலைபெற்ற பின் ஏழு பேர் சேர்ந்து, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம். பிழைப்புக்காக வெளிநாடு சென்ற நம் ஊர்ப் பிள்ளைகளின் பங்கும் அப்போது முறையாக வந்து சேரும். காயல்பட்டினத்து மக்கள் தாம் வாழும் நாடுகளில் நலமன்றங்கள் அமைத்துத் தம் ஊர் நோயாளிகளுக்கு உதவிவருவதைப் பார்க்கிறோம். வசதி படைத்தோர் ஒரு கடையையோ ஒரு துண்டு நிலத்தையோ மருந்துக்கென வக்ஃபாக எழுதிவைத்தால், அதுவே நம் ஊரின் ரூமாக் கிணறாகும்.

குடும்பத்துத் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இம்மாத முதல் தேதி மளிகைப் பட்டியல் எழுதும்போது, கடைசி வரியில் ‘அண்டை வீட்டு மருந்து – ரூ.100’ என்று எழுதுங்கள். அடுத்த மாதமும் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், “மாத்திரை இருக்கிறதா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். “இருக்கிறது” என்று அவர் சொன்னால், அட்டையை வாங்கிப் பாருங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக! நாம் தொடங்குவதைத் தொடரும் உறுதியையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.